கிரிசாந்தா வீட்டுப் பானை

அக்டோபர் முதல் தேதி காலையில் தொலைபேசி அடித்தபோது பெர்னார்தா ஊறவைத்த சோளத்தை அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடியே போய் எடுத்தாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல். அவசரமில்லாத, மரியாதை தெரிந்த குரல்.

"சென்யோரா, நான் யாருங்கறது முக்கியமில்ல. உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அதுக்காகச் சொல்றேன். இன்னைக்கு ஓடைக்கரையில கிரிசாந்தா வீட்டுக்குப் போனா ஒரு வாய்கூடச் சாப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. அவ்வளவுதான். பண்டிகை நல்லபடியா நடக்கட்டும்."

வைத்துவிட்டான். பெர்னார்தா காதிலிருந்து கருவியை எடுக்காமல் அப்படியே நின்றாள். அடுப்பில் காராமணி பொங்கி வழிந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

முன்னறையில் அவள் கணவன் சில்வானோ ரெக்கால்தே கண்ணாடி முன் நின்று தன் கட்சியின் நீலக் கழுத்துத்துண்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த அறைதான் இப்போது கட்சி அலுவலகம். தேர்தல் வேலை பார்க்கும் கயோ ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

"தோன் சில்வானோ, முடிச்சு ரொம்ப இறுக்கிடாதீங்க. இன்னைக்கு அந்தத் தொண்டை வழியாத்தான் நமக்கு வாக்கு உள்ள போகணும்."

"எத்தனை வீடு?"

"ஓடைக்கரை முழுக்க. வீட்டுக்கு ரெண்டு கரண்டி போதும். வயித்தை விட்டுவெச்சுக்கங்க. கடைசியா உச்சி வெயில்ல கிரிசாந்தா வீடு. அங்க தட்டு நிறைய சாப்பிடணும், தெருவே பாக்கும்."

தக்குவாரா ஊரில் மேயரை அதுவரை தலைநகரத்தில் யாரோ விரல் நீட்டித்தான் நியமித்தார்கள். நாட்டை ஆண்ட ஜெனரல் நாற்காலியை விட்டுப் போனபிறகு, முதல் முறையாக மக்களே வாக்குப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அதற்குத்தான் சில்வானோ நிற்கிறான். இருபத்திரண்டு வருடம் பரானா நதிக்கு மறுகரையில், அர்ஜென்டினாவின் போசாதாஸ் ஊரில் அகதியாக இருந்தவன். அங்கே ஒரு காகிதக் கடையின் பின்னறையில் ஜெனரலுக்கு எதிராகப் பத்திரிகை அடித்து நதியைக் கடத்தி அனுப்பிக்கொண்டிருந்தான். வெளியூரில் உட்கார்ந்து சர்வாதிகாரியைத் திட்டுவது ஒரு தொழில். ஊருக்குள் வந்து ஓடைக்கு மதகு கட்டித்தருகிறேன் என்று கும்பிடு போடுவது முற்றிலும் வேறு தொழில். முதல் தொழிலில் உயிர் போகும், இரண்டாவதில் மானம் போகும். சில்வானோ இரண்டாவதைச் சந்தோஷமாகவே கற்றுக்கொண்டிருந்தான். கை குலுக்கினான், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தான், கெட்ட பாட்டுக்கும் தலையாட்டினான்.

பெர்னார்தாவுக்குத்தான் கற்க வரவில்லை. ஊர் திரும்பி ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவள் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

அவள் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ளிவிடவும் முடியாது. போசாதாஸில் தாமாசோ என்று ஒரு தோழன் இருந்தான். நெருங்கிய சிநேகிதன் வீட்டுக்கு விருந்துக்குப் போனான், நன்றாகச் சாப்பிட்டான், நடந்தே வீடு வந்தான், விடிவதற்குள் செத்துப்போனான். வயிற்றுப்புண் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். யார் நம்பினார்கள்? அதற்குப் பிறகு அகதிகள் கூட்டம் போட்டால் ஒவ்வொருவனும் தன் பெண்டாட்டி கட்டிக்கொடுத்ததைத்தான் பிரித்துத் தின்பான். மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பும் நாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பேசியவன் மேஜையில் வைத்த பிஸ்கட்டை ஒருவனும் தொடமாட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் பேய் உண்மையிலேயே இருந்த காலம் அது.

கணவனிடம் சொல்லலாமா என்று வாசற்படியில் வந்து நின்றாள். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். சிரிப்பான். வீம்புக்கு முதல் ஆளாக அங்கே போய் இரண்டு தட்டு சாப்பிடுவான். அல்லது சிரிக்கமாட்டான். போசாதாஸில் தாமாசோவைப் புதைத்துவிட்டு வந்த நாள் அவன் முகம் எப்படி இருந்ததோ, அப்படி ஆகிவிடும். இரண்டில் எதையும் அவளால் பார்க்க முடியாது.

"யாரு போன்ல?" என்றான் சில்வானோ.

"தப்பான நம்பர்," என்றாள். அப்புறம் கயோவைப் பார்த்து, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "கிரிசாந்தா மகன் லீனோ இப்ப எங்க வேலை பாக்கறான்?"

"சுங்கச் சாவடியில. சிவப்புக் கட்சிக்காரங்க போட்டுக்கொடுத்த வேலை. பழைய கமிசார் அப்தோன்தான் சிபாரிசுன்னு பேச்சு. கிரிசாந்தா வீடு அவருக்கு எதிர்வீடு இல்லையா, போக வர முகம் பாத்தாகணும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

அப்தோன் என்ற பெயர் மட்டும் சும்மா இல்லை. ஜெனரல் காலத்தில் இந்த ஊர் போலீஸ் அவர் கையில் இருந்தது. இப்போது ஓய்வு பெற்று, மாமரத்தடியில் நாற்காலி போட்டு, மாட்டுக்கொம்புக் குவளையில் தெரெரே என்ற குளிர்ந்த இலைச்சாற்றை உறிஞ்சியபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டம் அவரைத் தொடவில்லை. தொடும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் கிரிசாந்தா? கிரிசாந்தாவைச் சந்தேகப்படுவதென்றால் சொந்தக் கையைச் சந்தேகப்படுவது போல. சில்வானோவைப் பிடிக்க போலீஸ் தேடிய வருடம், அவனையும் பெர்னார்தாவையும் தன் படகில் மறுகரைக்குக் கொண்டுபோய் விட்டவன் கிரிசாந்தாவின் புருஷன் மார்சியால். எல்லாரும் தப்பிக்க இரவைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று போலீஸ் இரவெல்லாம் கண்விழித்துக் காத்தது. மார்சியால் பட்டப்பகலில், மத்தியான உறக்க நேரத்தில் துடுப்புப் போட்டான். "நம்ம ஊர்ல சாத்தான்கூட ரெண்டு மணிக்குத் தூங்கிடுவான்," என்று சிரித்தான். திரும்பி வந்த மார்சியாலைப் பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். பல மாதம் கழித்து விட்டபோது ஒரு காது கேட்கவில்லை, இருமல் நிற்கவில்லை. அவன் இறந்தபின் கிரிசாந்தா ஊராரின் துணியை ஓடையில் துவைத்து லீனோவை வளர்த்தாள். அந்த லீனோவுக்கு ஞானத்தகப்பன் சில்வானோதான். அந்த உறவால் அவர்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் குடும்பம் பிறந்ததிலிருந்து சிவப்பு, ஜெனரலின் கட்சி. ஓடைக்கரையே சிவப்பு. தக்குவாராவில் கட்சி நிறம் மூக்கு மாதிரி, அப்பனிடமிருந்து வருவது. அப்படிப்பட்ட கிரிசாந்தா போன வாரம் ஆளனுப்பி, "என் கொம்பாத்ரே பண்டிகை அன்னைக்கு என் வாசல்ல உக்காந்து சாப்பிடணும், தெருவுல மேஜை போடறேன்," என்று சொல்லிவிட்டாள். கயோ அன்றிலிருந்து தரையில் கால் பாவாமல் நடந்தான். அவள் மேஜையில் சில்வானோ சாப்பிட்டால் ஓடைக்கரை அவன் பக்கம் சாயும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அன்றைக்குப் பார்த்துத்தானா அந்தத் தொலைபேசி வரவேண்டும்!

மறுத்துவிட்டு வேறு நாள் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அக்டோபர் முதல் நாளில் எல்லா வீட்டிலும் ஹொபாரா கொதிக்கும். சோளம், காராமணி, பூசணி, பன்றிக்கறி எல்லாம் ஒன்றாக வெந்து, கரண்டியை நட்டால் நிற்கும் பதத்துக்கு வரும். ஊர்க் கதைகளில் வரும் அக்டோபர் ஐயா குள்ளமானவர், ஓலைத்தொப்பிக்காரர், கையில் கொடிச்சாட்டை வைத்திருப்பார். அன்றைக்கு வீடு வீடாகப் பானையை எட்டிப் பார்ப்பார். நிறைந்த பானையைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார். காலிப் பானையைக் கண்டால் வருடக் கடைசி வரைக்கும் பஞ்சத்தை அங்கே குடிவைத்துவிடுவார். அதனால் வந்தவருக்கெல்லாம் அள்ளிப் போடவேண்டும். வந்தவர் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வேண்டாம் என்பவன் அக்டோபர் ஐயாவுக்குக் கதவைத் திறந்துவிடுகிறவன். கடவுள் இல்லை என்று சொல்கிறவன்கூட தக்குவாராவில் இதை மீறியதில்லை.

பெர்னார்தா தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு, தலைமுடியை வாரிக்கொண்டு, அவர்களோடு கிளம்பினாள்.

"நீயுமா வர்றே? கூட்டம்னா ஆகாதே உனக்கு," என்றான் சில்வானோ.

"பசிக்குது," என்றாள்.

ஓடைக்கரையில் முதல் வீட்டில் தட்டை நீட்டியதும் அவள் கை முந்தியது. கணவன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏ பெர்னார்தா, புருஷன் தட்டுல புடுங்கித் தின்றியே, அர்ஜென்டினாவுல ஆளுக்கொரு தட்டு குடுக்கமாட்டாங்களா?"

"அவ ருசி பாக்கறா. பிடிச்சிருந்தா அவர் வாக்குக் கேப்பார், பிடிக்கலைன்னா அடுத்த வீடு!"

"தோன் சில்வானோ, மாட்டுக்கறியா தின்னு நாக்கு மரத்துப் போயிருக்கும். நம்ம காராமணி இறங்குதா?"

"இறங்கறதாவது! இருபத்திரண்டு வருஷம் இதுக்காகத்தானே தொண்டை கிழியக் கத்தினேன். சனநாயகம் எல்லாம் ஒரு சாக்கு," என்றான் சில்வானோ. தெரு சிரித்தது. கயோ அவன் முதுகில் தட்டினான்.

சில்வானோ அவள் காதோடு குனிந்தான். "என்ன பெர்னா, என்ன ஆச்சு உனக்கு?"

"பசிக்குதுன்னு சொன்னேனே."

அவளுக்கே தெரியும், இந்த ருசி பார்க்கிற வித்தையால் ஒரு பிரயோசனமும் இல்லையென்று. தாமாசோ சாப்பிட்டு எழுந்து கதை பேசி நடந்துபோனவன். விஷம் என்றால் நாக்கிலேயே சுடும் என்பது சினிமாவில்தான். கிரிசாந்தா வீட்டில் ருசி பார்த்தால் போதாது. அவன் அந்தத் தட்டைத் தொடவே கூடாது. எப்படி? வயிற்றுவலி என்று சொல்லலாம். ஒவ்வொரு வீட்டிலும் தின்றுவிட்டு, உயிரைக் காத்தவள் வீட்டில் மட்டும் வயிற்றுவலியா? மயங்கி விழுந்துவிடலாம். விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, முதலில் அவளுக்குத்தான் ஊட்டுவார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

கிரிசாந்தா சொன்னபடியே தெருவில் மேஜை போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு வந்த வெள்ளை விரிப்பு, மடிப்புக் கலையாமல் மேலே கிடந்தது. வேலியோரம் மூன்று கல் கூட்டிப் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஓடைக்கரைச் சனங்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். பலர் கழுத்தில் சிவப்புத் துண்டு. எதிரே மாமரத்தடியில் அப்தோன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று வாரிய நரைமுடி. யாரையும் பார்க்காத மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீனோ சுங்கச் சீருடைச் சட்டையோடே ஞானத்தகப்பன் முன் வந்து நின்றான். முப்பதைத் தாண்டிய ஆம்பளை, எல்லார் முன்னாலும் இரண்டு கையையும் சின்னப் பிள்ளைபோலக் கூப்பினான்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க, பத்ரீனோ."

சிவப்பு வீட்டுப் பிள்ளை நீலத்துண்டுக்காரன் முன் தலை குனிகிறான். நாளைக்கே அவன் வேலை போகலாம். அது எல்லாருக்கும் தெரியும், லீனோவுக்கும் தெரியும். சில்வானோ அவன் தலையில் கை வைத்தான். பக்கத்தில் ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சினார்.

பெர்னார்தா மட்டும் அந்தக் கூப்பிய கையை நம்பலாமா என்று யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். யோசிப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

"உக்காரு கொம்பாத்ரே," என்றாள் கிரிசாந்தா. ஓடைத் தண்ணீரில் விரல்கள் ஊறி ஊறித் தடித்த பெண். அன்றைக்குக் காதில் தோடு போட்டிருந்தாள். "இருபத்திரண்டு வருஷம் மறுகரையில இருந்துட்டு வந்திருக்கே. மெலிஞ்சு போயிட்டே. அரசியல்வாதின்னா தொப்பை வேணாமா?"

"இன்னைக்கு ஒரே நாள்ல வந்துடும் கொமாத்ரே."

பெரிய பானைப் பக்கம் போவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் போகவில்லை. வீட்டுக்குள் போனாள். வெளியே வந்தபோது அவள் கையில் துணி சுற்றிய ஒரு சின்னச் சட்டி இருந்தது.

"இது உனக்குத் தனியாப் பண்ணினது," என்றாள்.

தனியா. அந்த ஒரு சொல்தான் பெர்னார்தாவின் காதில் விழுந்தது. பெரிய பானையில் தெருவே சாப்பிடும். சின்னச் சட்டியில் ஒரே ஆள் சாப்பிடுவார். காலையில் கேட்ட மரியாதையான குரல் திரும்பத் திரும்ப உள்ளே ஓடியது. கிரிசாந்தா சட்டியைச் சாய்த்துத் தட்டு நிறைய ஊற்றினாள். வெண்மையாக, ஆவி பறக்க, வேறு எவர் தட்டிலும் இல்லாத நிறத்தில் இருந்தது. சில்வானோ கரண்டியை எடுத்தான், உள்ளே விட்டான், தூக்கினான்.

"தின்னாதே!"

தான் கத்தியதும் தட்டைத் தள்ளியதும் பெர்னார்தாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. தட்டு மேஜை விளிம்பில் மோதிக் கீழே விழுந்து உடைந்தது. வெள்ளை விரிப்பிலும் செம்மண் தெருவிலும் ஹொபாரா சிதறியது. கரண்டி சில்வானோவின் கையிலேயே இருந்தது, காலியாக.

கிரிசாந்தாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கைதவறி விழுந்தது என்றே நினைத்தாள். "பரவால்ல, பரவால்ல, தட்டுதானே. சுட்டுக்கிட்டியா?" என்றபடி குனிந்து ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு முன் அவள் வீட்டுக் கோழிகள் வந்துவிட்டன. வேலிக்கு அடியில் நுழைந்து, சிறகை அடித்துக்கொண்டு, சிந்தியதைக் கொத்தத் தொடங்கின.

தெருவில் ஒருவரும் அசையவில்லை. 'தின்னாதே' என்ற சொல்லுக்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். முப்பது வருடத்துக்கு மேல் அவர்கள் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கோழிகளைப் பார்த்தார்கள். தட்டைப் பிடித்தபடி, வாயில் போட்டதை விழுங்காமல், கோழிகளைப் பார்த்தார்கள். ஒரு செங்கோழி தலையை நிமிர்த்தித் தொண்டையை ஆட்டியபோது கூட்டம் மூச்சைப் பிடித்தது. அது மறுபடி குனிந்து கொத்தியது.

கிரிசாந்தா ஓட்டுத் துண்டுகளோடு நிமிர்ந்தாள். "என்ன, எல்லாரும் என்ன பாக்கறீங்க?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். துணி துவைத்துக்கொடுத்த வீட்டுக்காரர்கள், பிரசவத்துக்குக் கூட நின்ற பெண்கள், மார்சியாலின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள். எல்லார் கண்ணும் தரையில் இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடைசியாக அவள் சில்வானோவைப் பார்த்தாள்.

அவனும் செங்கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோழி சாகுமான்னு பாக்கறியா, கொம்பாத்ரே?"

சில்வானோ சட்டென்று தலையைத் தூக்கினான். காலம் கடந்த தூக்கல் அது.

எதிர்ப்பக்கமிருந்து நாற்காலி கிறீச்சிட்டது. அப்தோன் எழுந்து, குவளையைக் கையில் பிடித்தபடி, வேலிவரை நடந்து வந்தார்.

"என்ன தோன் சில்வானோ, ஏதாவது விபரீதமா? எதுவா இருந்தாலும் பண்டிகை நல்லபடியா நடக்கட்டும்."

அவசரமில்லாத, மரியாதை தெரிந்த குரல். காலையில் போனில் பெர்னார்தா கேட்ட அதே குரல். அந்த ஆள் கொலை செய்யவில்லை, ஒரு சிட்டிகை எதையும் எதிலும் போடவில்லை. போன் எடுத்துக் கூப்பிட்டார், அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் அவள் செய்து முடித்துவிட்டாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் உண்பதற்கு முன்பே செய்துவிட்டாள்.

"இவர்தான்," என்றாள். "இவர்தான் காலையில போன் பண்ணினார். இங்க சாப்பிட வேண்டாம்னு. சில்வானோவுக்குத் தெரியாது, கொமாத்ரே. சத்தியமா அவனுக்குத் தெரியாது. நான்தான் சொல்லல."

"நானா?" அப்தோன் புன்னகைத்தார். "சென்யோராவுக்கு வெயில் ஒத்துக்கல போலிருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா." திரும்பி நடந்தார். அவர் சட்டையைப் பிடிக்க லீனோ ஓரடி எடுத்து வைத்தான். கயோ அவனைப் பிடித்து நிறுத்தினான்.

கிரிசாந்தா அப்தோனைப் பார்க்கவே இல்லை. பெர்னார்தாவைத்தான் பார்த்தாள்.

"முகம் தெரியாத ஒருத்தன் போன்ல சொன்னான். என் புருஷன் துடுப்புப் போட்டதை நீ எதிர்ல உக்காந்து பாத்தே. எதை நம்பினே, பெர்னார்தா?"

"நீ தனியாச் சட்டியில கொண்டு வந்ததும்..."

"பன்னிக்கறி ஆகாதே அவனுக்கு! சின்ன வயசுலேர்ந்து ஆகாது. எங்க வீட்டுக்கு வந்தா அம்மா பால் ஊத்திப் பாலாடைக்கட்டி போட்டுத் தனியாத்தான் செஞ்சு குடுப்பா. இருபத்திரண்டு வருஷமா நான் மறக்கல. கூடவே படுத்து எழுந்திருக்கிற உனக்குத் தெரியாதா அது?"

தெரியும். வீட்டில் அவளும் பன்றிக்கறி போடுவதில்லை. காலையில் அலசிய சோளத்துக்கும் பால்தான் வாங்கி வைத்திருந்தாள். இந்த ஓடைக்கரை வீடுகளில் அவன் கறித்துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டதையும் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். பயம் வந்து உட்கார்ந்த இடத்தில் மற்றதெல்லாம் எழுந்து போய்விட்டது. இதைச் சொன்னால் யாருக்குப் புரியும்?

சில்வானோ உடைந்த ஓடுகளைத் தாண்டி வந்து கிரிசாந்தா முன் நின்றான்.

"கொமாத்ரே. எனக்குப் போடு. சட்டியில மிச்சம் இருக்கறதெல்லாம் போடு."

"இப்ப கோழி சாகலையே, அதனாலயா?"

அவன் நின்றான். கழுத்தில் நீலத்துண்டு நனைந்து ஒட்டியிருந்தது. பின்னால் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. சிலர் தட்டை மெல்ல வேலிக்கட்டையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கிரிசாந்தாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். ஒரு சிவப்புத்துண்டுக்காரன், "வெளியூர்ல இருந்துட்டு வந்தவங்களுக்கு நம்ம சோறு இறங்காதுப்பா," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனான். நேற்றாக இருந்தால் கயோ அவனைக் கிழித்திருப்பான். இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் இந்தக் கதை தக்குவாரா முழுக்கப் போய்விடும், ஓடைக்கரையின் வாக்கும் இனி இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கிரிசாந்தா விரிப்பை ஒரே இழுப்பில் உருவிச் சுருட்டி லீனோவிடம் எறிந்தாள். வெறும் பலகை தெரிந்தது. உள்ளே போய் இரண்டு தகரத் தட்டு கொண்டுவந்தாள். பீங்கான் இல்லை இப்போது.

"உக்காருங்க ரெண்டு பேரும். இன்னைக்கு என் வாசலுக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பமாட்டேன். அந்த ஆள் வந்தாலும் போடுவேன்." மாமரத்துப் பக்கம் பார்க்காமலே சொன்னாள். சட்டியை வழித்து இரண்டு தட்டிலும் ஊற்றினாள்.

சில்வானோ உட்கார்ந்து குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். வேகமாகச் சாப்பிட்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்து தட்டில் விழுந்தது, துடைக்கவில்லை. லீனோ கதவு நிலையில் சாய்ந்து நின்றான். பத்ரீனோ என்று அவன் மறுபடி கூப்பிடவில்லை.

பெர்னார்தா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். பாலும் பாலாடைக்கட்டியும் சோளமும் பதமாக வெந்து, நாக்கில் கரைந்தது. இவ்வளவு ருசியாக அவள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சமைத்ததில்லை. அதைச் சொல்லி அழவேண்டும் போலிருந்தது. அவள் விழுங்கினாள். தொண்டை வழியாக இறங்கியது, வயிற்றில் போய் உட்கார்ந்தது. பெரிய பானையடியில் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் கேட்ட குரலை அப்தோன் வாயிலும் கேட்டாகிவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது.

அவள் இரண்டாவது கரண்டி எடுக்கவில்லை. கை மேஜைமேல் கிடந்தது. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் கவனம் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கிரிசாந்தா எதிரே வந்து உட்கார்ந்தாள். நீண்ட நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் வடிந்து, அந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது.

"இன்னும் காத்துக்கிட்டிருக்கியா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் பெர்னார்தா வாயெடுத்தாள்.

"ஆமா," என்றாள்.